நான்காம் முறை ஒட்டிய நாற்காலிக் கால்

அப்பா உட்காரும் பிரம்பு நாற்காலியின் வலது பின்காலை 2023 ஜூலையில் நான்காவது முறையாக ஒட்டினேன். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது, இரண்டு ஐப்பசி மழையும் போய்விட்டது. கால் இன்னும் ஆடவில்லை. முதல் மூன்று தடவை ஏன் விட்டுப்போனது, நான்காவது தடவை என்ன மாறியது என்பதைக் கையில் இருக்கும் குறிப்பு நோட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

நாற்காலி தாத்தா காலத்தது, தேக்கு. பக்கச் சட்டத்தின் முனையில் நாக்கு மாதிரி நீட்டி நிற்கும் கழுந்து, காலில் வெட்டிய துளைக்குள் போய் உட்கார்கிறது. கழுந்தின் நீளம் 32 மில்லிமீட்டர், உயரம் 38, தடிமன் 10க்குச் சற்றுக் குறைவு. அப்பா பின்னால் சாயும் ஒவ்வொரு முறையும் மொத்தப் பாரமும் இந்த மூட்டை முறுக்குகிறது. மதுரையில் எங்கள் வீட்டு வராந்தாவில் வெயிலும் சாரலும் இரண்டும் அடிக்கும். அங்கேதான் அது கிடக்கிறது.

முதல் முறை, 2021 பொங்கலுக்கு முன்னால், மூட்டைக் கழற்றக்கூட இல்லை. ஊசி போடும் சிரிஞ்சில் மரம் ஒட்டும் வெள்ளைப் பசையை நிரப்பி இடுக்கில் ஏற்றி, கயிறு கட்டி ஒருநாள் வைத்தேன். மூன்று வாரம் தாங்கியது. அந்த வருடம் ஆடியில் இரண்டாம் முறை. இந்தத் தடவை கழற்றினேன். கழுந்து துளைக்குள் லொடலொடவென்று ஆடியதால் பசையில் மரத்தூளைக் குழைத்து அப்பி இறக்கினேன். இரண்டு மாதம். 2022 மே மாதம் மூன்றாம் முறை. பழைய பசையையெல்லாம் 80 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்து, தாராளமாகப் பசை தடவி, கிளாம்ப் போட்டு இரண்டு நாள் விட்டேன். இது ஐப்பசி மழை வரைக்கும் நின்றது. பிறகு ஒருநாள் காலை அப்பா எழுந்தபோது கழுந்து பாதி வெளியே வந்துவிட்டது. அவர் விழவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். எழுபத்தெட்டு வயது. அன்றைக்கே நாற்காலியை மாடிக்குத் தூக்கிப்போய்விட்டேன். காரணம் தெரியாமல் இன்னொரு முறை ஒட்டி அவரை அதில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

மாடியில் மூட்டைப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. கழுந்தின் மேலிருந்த பசையை நகத்தால் நெம்பினால் படலமாக உரிந்து வந்தது, உள்ளங்கையில் காய்ந்த பசை உரிவது போல. அந்தப் படலத்தில் உப்புத்தாள் கீறல்களின் அச்சு அப்படியே இருந்தது. ஆனால் ஒரு நார் கூட அதில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. பசை உடையவில்லை, மரமும் உடையவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று சேரவே இல்லை.

சேருவது என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அக்கா மகளிடம் ஒரு போல்ட்ஸ்கோப் இருந்தது. ஸ்டான்போர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய, காகிதத்தை மடித்துச் செய்யும் மைக்ரோஸ்கோப். 140 மடங்கு பெரிதாக்கும். ஆனால் அதில் பார்க்க வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல் வேண்டும். மேற்பரப்பைப் பார்ப்பதற்கு விளக்கு வைத்த 60 மடங்கு பாக்கெட் மைக்ரோஸ்கோப் ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கினேன். வேலையில் முக்கால்வாசிக்கு உதவியது இதுதான்.

தெருவில் மரவேலை செய்யும் அண்ணனிடம் தேக்குத் துண்டுகள் கேட்டு வாங்கி, இரண்டிரண்டாக ஒட்டி, ஒட்டிய இடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாகத் திட்டம். பசை மரத்துக்குள் எங்கே நிற்கிறது என்று தெரிய நிறம் வேண்டும். வீட்டில் இருந்த சொட்டு நீலத்தை இரண்டு சொட்டு விட்டேன். மறுநாள் வெட்டியபோது ஒட்டிய கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீலம் பாய்ந்திருந்தது. பசை இவ்வளவு ஆழம் போகிறதே என்று மகிழ்ந்து நோட்டில் படமெல்லாம் வரைந்துவிட்டேன். அது தவறு. சொட்டு நீலம் தண்ணீரில் கரையும் சாயம். வெள்ளைப் பசையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை மரம் உறிஞ்சும்போது சாயமும் கூடவே போய்விட்டது. பசையின் துகள்கள் வாசலிலேயே நின்றுவிட்டன. சந்தேகம் வந்தது எப்படியென்றால், வெறும் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஒரு துண்டில் தடவிப் பார்த்தேன். அதே ஆழம். பிறகு பெயிண்ட் கடையில் கிடைக்கும் நீல ஸ்டெயினர் வாங்கினேன். அதில் இருப்பது கரையாத நிறமித் தூள், பசை நிற்கும் இடத்தில் அதுவும் நிற்கும். பத்து மில்லி பசைக்கு மூன்று சொட்டு போதும். நிறம் கலந்த பசையைச் சோதனைத் துண்டில் தவிர வேறு எதிலும் பயன்படுத்தவில்லை.

இரண்டாவது தவறு சீவலில் நடந்தது. தேக்கு கடினம், பிளேடு வழுக்குகிறது. மரத்தைக் கொதிக்கவைத்து மென்மையாக்கிச் சீவுவார்கள் என்று கேள்விப்பட்டு, ஒட்டிய துண்டுகளைக் கால் மணி நேரம் கொதிக்கவைத்தேன். பசைக் கோடு வெளுத்து, கொழகொழவென்று ஆகி, துண்டுகள் பிரிந்தே வந்துவிட்டன. வெள்ளைப் பசைக்குச் சூடும் ஈரமும் ஆகாது என்பதை ஆறு துண்டு செலவழித்துக் கற்றேன். அப்புறம் கொதிக்கவைக்கவில்லை. வெட்டுமுகத்தை ஐந்து நிமிடம் ஈரத்துணியால் மூடிவைத்து, புது சவர பிளேடால் ஒரே இழுப்பில் சீவினேன். ஒரு பிளேடு மூன்று சீவலுக்கு மேல் வருவதில்லை. தேக்கில் மணல்சத்து உண்டு, பிளேடின் கூர்மையை அது தின்றுவிடும். நாற்பது சீவலில் எட்டு ஒன்பதுதான் பார்க்கும்படி வந்தன.

பார்த்ததைச் சொல்கிறேன். தேக்கின் குறுக்குவெட்டில் ஆண்டு வளையத்தை ஒட்டி, தண்ணீர் ஏற்றும் பெரிய சைலக் குழாய்கள் வரிசையாக நிற்கும். அவை வெறும் கண்ணுக்கே ஊசித்துளை போலத் தெரியும், கால் மில்லிமீட்டர் அளவு. அவற்றுக்கு நடுவே நெருக்கமாக நார்ச்செல்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் நாற்பது ஐம்பது அடங்கும் அளவுக்குப் பொடியான குழல்கள். மரம் என்பது இப்படி நிறுத்திக் கட்டிய குழல்களின் கட்டு. பசைக்கு வழி என்பது இந்தக் குழல்களின் வெட்டுப்பட்ட வாய்கள்தான்.

கூரான இழைப்புளியால் இழைத்து உடனே ஒட்டிய துண்டில் அந்த வாய்கள் சுத்தமாகத் திறந்திருந்தன. நீலம் நார்ச்செல்களில் ஒன்று, இரண்டு, சில இடங்களில் மூன்று வரிசை உள்ளே போயிருந்தது. மேற்பரப்பில் வெட்டுப்பட்ட பெரிய குழாய்களில் நிரம்பி நின்றது. மொத்த ஆழத்தைக் கணக்குப் போட்டால் பெரும்பாலான இடத்தில் ஒரு தலைமுடியின் தடிமன் தேறுமா என்பதே சந்தேகம். என் மூன்று வருடப் போராட்டம் முழுவதும் அந்தத் தலைமுடித் தடிமனுக்குள் நடந்திருக்கிறது. இதைப் பார்த்த அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

செல்லின் சுவருக்குள்ளேயே வெள்ளைப் பசை போவதில்லை. அதன் துகள்கள் அந்த நுண்துளைகளுக்குப் பெரியவை. குழலுக்குள் நுழைந்து, சுவரை நனைத்து, தண்ணீர் வெளியேறியதும் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து இறுகுகின்றன. நீர் தாங்கும் பிளைவுட்டில் போடும் பீனாலிக் பசையின் சிறு மூலக்கூறுகள் சுவருக்குள்ளும் ஊறும், ஆனால் அதை இறுக்கச் சூட்டு அழுத்தம் வேண்டும், நம் வீட்டு வேலைக்கு வராது.

உப்புத்தாள் தேய்த்த துண்டில் காட்சி வேறு. 80 நம்பர் தாளை நான் அழுத்தித் தேய்த்திருந்த இடங்களில் மேல் இரண்டு மூன்று வரிசைச் செல்கள் நசுங்கி, ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. பெரிய குழாய்களின் வாயில் தூள் அடைத்துக் கிடந்தது. நீலம் அதற்கு மேல் ஒரு நூல் போல ஓடியதே தவிர உள்ளே இறங்கவில்லை. சொரசொரப்பாக இருந்தால் பசை நன்றாகப் பிடிக்கும் என்று நான் சின்ன வயதிலிருந்து நம்பியிருந்தேன். மரத்துக்கு அது பொருந்தவில்லை. பிடித்தாலும், அது பிடித்தது ஏற்கெனவே உடைந்துபோன செல்களை.

குறுக்குவெட்டு முகத்தோடு ஒட்டிய துண்டில் நேர் எதிர். குழல்களின் வாய் நேராகப் பசையைப் பார்த்து நிற்பதால் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. சில குழாய்களில் ஒன்றரை மில்லிமீட்டர் வரை நீலத் தூண் நின்றது, ஒட்ட வேண்டிய கோட்டிலோ பசையே மிச்சமில்லை. பல குழாய்கள் மட்டும் வாயோடு நின்றுவிட்டன. தேக்கின் வைரக்கட்டையில் சைலக் குழாய்க்குள் டைலோஸ் குமிழ்கள் வளர்ந்து அடைத்திருக்கும் என்று பதினொன்றாம் வகுப்பில் படித்தது அப்போது நினைவுக்கு வந்தது. பாக்கெட் மைக்ரோஸ்கோப்பில் அவை பளபளக்கும் சவ்வு போலத் தெரிந்தன.

துண்டுகளைப் பார்க்க வந்த மரவேலை அண்ணன் ஒன்றைச் சொன்னார். “தம்பி, தேக்கு எண்ணெய் மரம். இழைச்ச கையோட ஒட்டணும். நாலு நாள் கழிச்சு ஒட்டினா மரம் வேர்த்திருக்கும்.” வேர்ப்பது என்று அவர் சொல்வது உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசைப்பொருள்கள் மெல்ல மேற்பரப்புக்கு வருவதை. சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இங்க் பில்லரால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். அப்போது இழைத்த முகத்தில் சொட்டு பரந்து சில நொடியில் தட்டையானது. பழைய கழுந்தின் முகத்தில் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டையாகவே நின்றது, ஒரு நிமிடம் கழித்தும். தண்ணீர் நனைக்காத இடத்தைத் தண்ணீரில் கலந்த பசை எப்படி நனைக்கும்? இப்போது எதை ஒட்டினாலும் முதலில் இந்தச் சொட்டைத்தான் விடுகிறேன்.

பலத்தை அளக்கக் கருவி இல்லை. ஆகவே ஒட்டிய துண்டுகளை வைஸில் கட்டி, உளியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டிப் பிளந்து, பிளந்த முகத்தில் எவ்வளவு இடத்தில் மரம் பிய்ந்து வந்திருக்கிறது என்று எண்ணினேன். கண்ணாடித்தாளில் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு மேலே வைத்தால் 25 கட்டம். மரம் கிழிந்திருந்தால் பசை ஜெயித்தது என்று பொருள். ஒவ்வொரு வகைக்கும் மூன்று துண்டு. பழைய முகத்தை உப்புத்தாள் தேய்த்து ஒட்டியதில் சராசரியாக 2 கட்டம். இழைத்த கையோடு ஒட்டியதில் 19. இழைத்து பத்து நாள் வெறுமனே வைத்திருந்து ஒட்டியதில் 11. அதே பத்து நாள் துண்டை அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, காய்ந்த கால் மணிக்குள் ஒட்டியதில் 16. துணி மஞ்சளாக ஆகியது. மூன்று துண்டு என்பது குறைவுதான். ஆனால் 2க்கும் 19க்கும் நடுவில் உள்ள தூரம் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில் காலின் துளையைச் சுத்தம் செய்யச் சூடான தண்ணீர்த் துணியைத் திணித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தோல் ஊறிய நாற்றம் வந்தது, விரலில் பிசுபிசுத்தது. வச்சிரம்! தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பழைய காலத்துப் பசை. நாற்காலியை முதலில் செய்தவர் வச்சிரம் காய்ச்சி ஊற்றியிருக்கிறார். அதுவரை நான் அதைப் பழைய அழுக்கு என்று நினைத்திருந்தேன். அவர் காலத்திலேயே அந்தக் குழல்களின் வாய் வச்சிரத்தால் நிரம்பிவிட்டது. அதன் மேல் நான் போட்ட வெள்ளைப் பசைக்கு நுழைய இடமே இல்லை. பிறகு என் முதல் பசைக்கு மேல் இரண்டாவது, இரண்டாவதற்கு மேல் மூன்றாவது. காய்ந்த வெள்ளைப் பசையோடு புது வெள்ளைப் பசை சேராது. வச்சிரத்துக்கு அந்தச் சிக்கல் கிடையாது. சூடும் ஈரமும் காட்டினால் பழையது இளகிப் புதியதோடு கலந்துவிடும். முதல் தடவையே வச்சிரம் காய்ச்சியிருந்தால் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கலாம். மூன்று அடுக்கு வெள்ளைப் பசை போட்டு அந்த வழியை நானே அடைத்துவிட்டேன்.

சரி, இனி புது மரம் தெரியும்வரை சுரண்டுவதுதான் வழி. துளையின் பக்கச் சுவர்கள் இரண்டும் நார் ஓடும் திசையில் இருப்பவை, பலம் முழுவதும் அங்கேதான். மேலும் கீழும் குறுக்குவெட்டு, அவற்றை நம்ப முடியாது. கால் அங்குல உளியை நன்றாகத் தீட்டி, செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டும் கருவி போல இழுத்தேன். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர் போனபோது கருப்பு மறைந்து தேன் நிறம் வந்தது, புதுத் தேக்கின் மணமும் வந்தது. தண்ணீர்ச் சொட்டு பரவியது. 10.5 ஆக இருந்த துளை 11.2 ஆனது. கழுந்தை இருபுறமும் இழைத்ததில் 9.7 என்பது 9 ஆனது.

முன்பிருந்த இடைவெளியைத் தாள் செருகி அளந்திருந்தேன். சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்று 0.1 மில்லிமீட்டர் இருக்கும். பக்கத்துக்கு நான்கு தாள் போயின. வெள்ளைப் பசையிலிருந்து தண்ணீர் போனதும் அதன் பருமன் பாதியாகிவிடும், அந்த இடைவெளியை அது எப்படி நிரப்பும்? மரத்தூள் கலந்தபோது இன்னும் மோசம். தூள் பசையைக் குடித்துவிட்டது, சுவருக்குப் போக வேண்டியது தூளுக்குப் போனது.

இடைவெளியை மரத்தாலேயே நிரப்பினேன். அதே திசையில் நார் ஓடும் 1.5 மில்லிமீட்டர் தேக்குச் சில்லு இரண்டை, இழைத்த பத்து நிமிடத்துக்குள் வெள்ளைப் பசையால் கழுந்தின் இரு பக்கமும் ஒட்டினேன். இரண்டு முகத்திலும் பசை தடவினேன், மின்விசிறியை நிறுத்திவிட்டேன். மதுரை வெயிலில் விசிறிக் காற்றும் சேர்ந்தால் ஐந்து நிமிடத்தில் பசை மேலே தோல் கட்டிவிடுகிறது. தோல் கட்டிய பசை எந்தக் குழலுக்குள்ளும் போகாது. ஒருநாள் கிளாம்பில் இருந்த பிறகு 11.0 வரை இழைத்து இறக்கினேன். பக்கத்துக்கு ஒரு தாள் இடைவெளி.

கடைசி ஒட்டலுக்கு வெள்ளைப் பசை வேண்டாம் என்று முடிவு செய்தேன். எப்போதும் பாரம் இழுக்கும் இடத்தில் அது மெல்ல மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும், ஈரத்தில் இன்னும் இளகும். பிசின், இறுக்கி என்று இரண்டாக வரும், இரண்டையும் கலந்து பூசும் எபாக்சி வாங்கினேன். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், மெதுவாக இறுகும் வகை. குழலுக்குள் இறங்க அதற்கு நேரம் வேண்டும். அசிட்டோன் துடைத்து, கால் மணிக்குள், முதலில் துளைச் சுவரில் மெல்லிய பூச்சு தேய்த்துப் பத்து நிமிடம் குடிக்கவிட்டேன். மேல் கீழ் குறுக்குவெட்டில் இரண்டு முறை பூசினேன். பிறகு கழுந்தில் பூசி இறக்கினேன். கிளாம்பை முறுக்கவில்லை, கால் சட்டத்தோடு பொருந்தி நிற்கும் அளவுக்கு மட்டும் பிடித்தேன். மறுநாள் அண்ணன் வந்து ஆறு மில்லிமீட்டர் துளை போட்டு ஒரு மூங்கில் ஆணி அடித்துக் கொடுத்தார். பசை கைவிட்டாலும் கழுந்து வெளியே வராது. அப்பாவுக்காக அடித்தது.

செலவு: எபாக்சி 320, அசிட்டோன் 180, ஸ்டெயினர் 45, பிளேடு இரண்டு பாக்கெட் 60, தடிமன் அளக்கும் வெர்னியர் 450, மைக்ரோஸ்கோப் 350. மொத்தம் 1,405 ரூபாய். தேக்குத் துண்டுகளுக்கு அண்ணன் காசு வாங்கவில்லை. சோதனைச் செலவு இல்லாமல் வெறும் பழுதுக்கு எபாக்சியும் அசிட்டோனும் மட்டும் என்றால் ஐந்நூறு ரூபாயில் முடிந்திருக்கும். நேரம்தான் அதிகம், விட்டுவிட்டு ஆறு வாரம்.

அடுத்த முறை மாற்றப்போவது மூன்று. பழைய மூட்டு எதுவானாலும் முதலில் சூடான ஈரத்துணி வைத்து வச்சிரமா என்று பார்ப்பேன், வச்சிரமானால் வச்சிரமே. எபாக்சி போட்ட மூட்டை நாளைக்கு இன்னொருவர் பிரிப்பது கடினம் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இரண்டாவது, துளைச் சுவரைச் சுரண்டும்போது முனையில் அதிகம் போய் வாய் சற்று அகன்றுவிட்டது. ஒரு மரக்கட்டையை வழிகாட்டியாகப் பிடித்து உளியை அதன் மேல் ஓட்டியிருக்க வேண்டும். மூன்றாவது, உப்புத்தாளை ஒட்டும் முகத்துக்குக் கிட்டவே கொண்டுபோக மாட்டேன். அது பாலிஷுக்கு.

இடது பின்கால் போன வாரம் லேசாக முனகியது. கழற்றவில்லை, இடுக்கில் ஒரு தாள்கூட நுழையவில்லை. அங்கே நான் இதுவரை ஒரு சொட்டு வெள்ளைப் பசையும் விட்டதில்லை. வச்சிரக் கட்டி கால் கிலோ வாங்கி ஊறவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சுகிறேன்.